ஒரு காது வீட்டில்

அந்தக் கால் டாக்ஸி கம்பெனியில் டிரைவர்களுக்குப் பெயர் கிடையாது. வீட்டில் இருக்கலாம், வண்டியில் ஏறிவிட்டால் வண்டி எண்தான் பெயர். ஐந்து, ஒன்பது, பதினேழு, இருபத்திரண்டு. ஒன்பது ஒருமுறை லீவு கேட்டு வந்தபோது முதலாளியம்மா அவருடைய நிஜப் பெயரைக் கேட்க, மனிதர் சற்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்று ஒரு கதை அங்கே இன்னும் உலவுகிறது.

மாடியறையில் உட்கார்ந்து இத்தனை வண்டிகளையும் மைக்கில் மேய்க்கிறவளுக்கு மட்டும் எண் இல்லை. வயர்லெஸ்ஸில் அவள் பெயர் கண்ட்ரோல். முதுகுக்குப் பின்னால் அவதானி.

அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் முன்பு அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பித்தர். அந்தக் காலத்தில் அஷ்டாவதானிகள் என்று சிலர் இருந்தார்களாம். சபை நடுவே உட்கார்ந்துகொண்டு ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுவார்கள், இன்னொருவரோடு சொக்கட்டான் ஆடுவார்கள், முதுகில் யாரோ எறியும் கற்களையும் எண்ணிக்கொண்டே இருப்பார்களாம். எட்டுக் காரியம், ஒரே மூச்சில். "நம்ம கண்ட்ரோல் அந்த வம்சம்" என்றார் அவர். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பட்டம் மட்டும் தங்கிவிட்டது.

பொருத்தமான பட்டம்தான், சந்தேகமில்லை. அவள் மேஜையில் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு போன். ஒன்று இடது காதில், மற்றது தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில். வலது கையில் மைக். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு நகர வரைபடம். அதில் வண்டிக்கு ஒரு காந்த வில்லை. ஐந்தாம் எண் வண்டிக்காரர் ஆளை இறக்கிவிட்டதும் அவரது வில்லையை நகர்த்துவாள், போனில் காத்திருப்பவருக்கு "இதோ வந்துட்டே இருக்கு சார்" என்று தேன் தடவுவாள், இருபத்திரண்டாம் எண்காரர் சிக்னலில் நின்றுகொண்டு யாரோடோ வம்பளப்பதை இன்ஜின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து அதட்டுவாள். இடையில் டீ ஆறிப்போகாமல் குடித்தும் முடிப்பாள். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கோ அதுதான் பொழுதுபோக்கு. உலகத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி உண்டென்றால் அது இந்தச் சக்கர நாற்காலிதான் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

பிறகுதான் அப்பா விழுந்தார்.

அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போன் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம். "லிஃப்டுக்குள்ள போனா செத்துப் போற பொருளை நான் நம்பமாட்டேன்" என்பார். ஹாலில் முக்காலியின்மேல் பழைய போன் ஒன்று உண்டு, அது போதும் அவருக்கு. ஒரு மழை நாளில் வண்டிக்கு அடிதடியாக இருந்தது. அவள் தன் செல்போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்ட மேல்வீட்டு அம்மாள் கதவைத் தட்டிப் பார்த்து, இவளைக் கூப்பிட்டு, மறுபடி மறுபடி கூப்பிட்டு, கடைசியில் ஆள் வைத்துக் கதவை உடைத்தார். சாயங்காலம் இவள் பையைத் திறந்து போனைப் பார்த்தபோது, திரை முழுக்க அந்த அம்மாள் கூப்பிட்ட கணக்குதான் இருந்தது.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. அப்பாவின் கால் எலும்பு கூடி, டாக்டரும் இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று சிரித்து அனுப்பிவிட்டார். கால் குணமானதே தவிர இவள் காது குணமாகவில்லை. மணிக்கு ஒருதரம் வீட்டுக்குப் போன் போடுவாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிடுவார். "இருக்கேம்மா" என்பார். "சரிப்பா" என்று வைப்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதை வைத்த நிமிஷத்திலிருந்தே அடுத்த போனுக்கான கவலை ஆரம்பித்துவிடும். எந்த மணி அடித்தாலும் அது மேல்வீட்டு அம்மாளாகத்தான் இருக்கும் என்று நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். தூங்கும்போதுகூட ஒரு காது அப்பா அறைச் சுவரில் ஒட்டியிருந்தது.

இதையும் சேர்த்துத்தான் சமாளிக்கிறோமே, எட்டோடு ஒன்பதாவது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்த இடத்தில்தான் பெரிய அவதானிகளும் கவிழ்வது. எட்டுக் கற்களை எண்ணுகிறவர் தலையில் ஒன்பதாவதாக ஒரு பாறாங்கல்லை ஏற்றிவிட்டு, எண்ணிக்கை ஏன் தப்புகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில் சின்னச் சின்னதாக வந்தது. வாடிக்கையாளரின் போனை எடுத்து "அப்பா" என்றாள். மறுமுனையில் ஒரு இளைஞன் "இன்னும் கல்யாணமே ஆகலை மேடம்" என்றான். ஒன்பதின் வில்லையை ஆற்றுக்கு நடுவே வைத்துவிட்டு அரை நாள் அவரைத் தேடினாள். ஆளைச் சொன்னால் தெருவை மறந்தாள், தெருவைச் சொன்னால் ஆளை மறந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. டீ தினமும் ஆறிப்போனது.

ஊர் சிரித்தது மாத்திரை விவகாரத்தில்தான். அந்த வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் அத்தனை வண்டியிலும் கேட்கும். ஒருநாள் மத்தியானம் ஒரு கையில் மைக், ஒரு கையில் செல்போன். செல்போனில் கேட்க வேண்டியதை மைக்கில் கேட்டுவிட்டாள்.

"சாப்பிட்டு மாத்திரை போட்டாச்சா?"

வயர்லெஸ் ஒரு கணம் கொர்ரென்றது. பிறகு வரிசையாகப் பதில் வந்தது.

"ஐந்து. போட்டாச்சு கண்ட்ரோல்."

"ஒன்பது. சர்க்கரை மாத்திரை போட்டாச்சு, பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு. வாங்கணும்."

"இருபத்திரண்டு. எனக்கு மாத்திரை எதுவும் இல்லையே கண்ட்ரோல். புதுசா ஏதாவது போடணுமா?"

அவளும் சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் முதலாளியம்மா சிரிக்கவில்லை. அந்த வாரம் ஒரு பாட்டு டீச்சரை மீன் மார்க்கெட்டிலும், மீன் வியாபாரி ஒருவரைப் பாட்டு வகுப்பிலும் இறக்கியாகியிருந்தது. இரண்டு தரப்புமே கம்பெனிக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்கள்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "உங்களுக்கு வேலை மறந்துபோச்சுன்னு நான் சொல்லமாட்டேன். வேலைக்கு நீங்க முழுசா வர்றதில்லை, அதான் சங்கதி. இன்னும் ஒரு வண்டி தப்பான வாசலுக்குப் போச்சுன்னா, மைக்கை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு உங்களைக் குடை ரூமுக்கு மாத்திடுவேன். மனசுல வச்சுக்கங்க."

குடை ரூம் என்பது கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வண்டிகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் அங்கே வந்து சேரும். பெரும்பாலும் குடைகள். அப்புறம் ஒற்றைச் செருப்புகள், டிபன் டப்பாக்கள், யாரோ ஒருவரின் பல் செட். ஜன்னல் கிடையாது, மைக் கிடையாது. அவதானிக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது. அன்று முதல் இன்னும் இறுக்கிப் பிடித்து, இன்னும் வேகமாக, இன்னும் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். களைத்தவர்கள் எல்லோரும் கண்டுபிடிக்கும் வைத்தியம் அதுதான், என்ன செய்ய.

அந்தச் சனிக்கிழமை டவுன் ஹாலில் நாய்க் கண்காட்சி. நகரத்தில் இத்தனை நாய்கள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. நாயோடு போகிறவர்களுக்கு வண்டி, நாயைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வண்டி என்று இரண்டு போனும் ஓயவில்லை. கண்காட்சிக் குழுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: நடுவர் ஐயாவை அழைத்துவர வேண்டும், வயசானவர், தண்ணீர்த் தொட்டி ரோட்டில் மூன்றாவது அடுக்ககம், அவர் வந்தால்தான் கண்காட்சியே தொடங்கும். முதலாளியம்மா தானே மாடியேறி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "இது பெரிய இடம். கவனம்" என்றார்.

அவள் மைக்கை எடுத்தாள். எடுத்த அதே நேரத்தில் மணியைப் பார்த்தாள். வீட்டுக்குப் போன் போட வேண்டிய நேரம். கட்டைவிரல் தானாகவே செல்போனில் வீட்டு எண்ணைத் தேடிப் போனது.

"பதினேழு, ஒரு சவாரி" என்றாள். "நடுவர் ஐயா, டவுன் ஹால், நாய்க் கண்காட்சி. பூங்காவுக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு, கீழ்வீடு. பெரியவர், மரியாதையா கூட்டிட்டுப் போங்க."

பூங்காவுக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு, கீழ்வீடு. அது அவளுடைய சொந்த வீடு. சொன்னது அவளுக்கே காதில் விழவில்லை. முதலாளியம்மாவுக்கு நடுவரின் விலாசமும் தெரியாது, அவள் வீடு எங்கே என்றும் தெரியாது. பதினேழோ சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். அவர் "சரி கண்ட்ரோல்" என்றார், கதை முடிந்தது. அதற்குள் இரண்டு போனும் அலறியதால் வீட்டுக்குப் போன் போடுவதும் தள்ளிப்போனது.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் பேசியது. "பதினேழு. நடுவர் ஐயாவை ஏத்திட்டேன். ரொம்ப சந்தோஷமா வர்றார் கண்ட்ரோல். டவுன் ஹாலுக்குத்தானேன்னேன், அப்படியா, போகலாமேன்னார்."

முதலாளியம்மாவின் முகம் இளகியது. அவதானிக்கு உயிர் வந்தது. தப்பில்லாமல் ஒன்று முடிந்ததே என்று தெம்போடு செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள்.

மணி அடித்தது. அப்பா எடுக்கவில்லை.

மறுபடி போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. முதல் மணியிலேயே எடுக்கிறவர். மேல்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டாள். அவர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "வெளியில பூட்டியிருக்கும்மா. உள்ள யாரும் இல்லை" என்றார்.

அவ்வளவுதான். வரைபடத்தில் இருந்த வில்லைகள் எல்லாம் ஒன்றாக நீந்தின. வாசலைத் தாண்டாத மனிதர், பூட்டிக்கொண்டு எங்கே போவார்? எந்தத் தெருவில் தடுமாறி நிற்கிறாரோ? பின்னால் முதலாளியம்மா நிற்பது நினைவிருந்தது; மைக்கைச் சொந்தக் காரியத்துக்குத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் நினைவிருந்தது. ஆனாலும் தொட்டாள். அப்பா என்று மட்டும் சொல்லவில்லை.

"எல்லா வண்டிக்கும் கண்ட்ரோல்" என்றாள். மைக்கில் அவள் குரல் எப்போதுமே வேறு. தகரத்தில் தட்டின மாதிரி இருக்கும். இப்போது அதுவும் உடைந்து கரகரத்தது. "பூங்கா பக்கத்துல ஒரு பெரியவரைக் காணோம். போற வழியில பாத்துக்கிட்டே போங்க. ரொம்ப மெதுவா நடப்பார். சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பார். தனியா எங்கயும் போய்ப் பழக்கமில்லை. யாராவது பேச்சுக் குடுத்தா பதட்டப்படுவார். பலவீனமான ஆள்."

வண்டிகள் ஒவ்வொன்றாகப் பதில் தந்தன. ஐந்து, பேருந்து நிலையத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். ஒன்பது, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவருவதாகச் சொன்னார். இருபத்திரண்டு, ஏற்றியிருந்த ஆளிடம் கேட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே இறங்கித் தேடப் போனார்.

"பதினேழு" என்றது வயர்லெஸ். "நானும் பாத்துக்கிட்டேதான் வர்றேன். நடுவர் ஐயாவும் தேடறார் கண்ட்ரோல். ஜன்னல் கண்ணாடியை இறக்கிட்டு எட்டி எட்டிப் பார்க்கறார். பாவம் யாரோ, இந்த மாதிரி ஆளை வீட்டுல தனியா விட்டுட்டு எப்படித்தான் வேலைக்குப் போறாங்களோன்னு வருத்தப்படறார்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் மேஜைப் போன் அடித்தது. அவள் இருந்த நிலையைப் பார்த்து முதலாளியம்மாவே எடுத்தார். கேட்கக் கேட்க அவர் புருவம் மேலே போயிற்று. போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏம்மா, நடுவர் பேசறார். தண்ணித் தொட்டி ரோட்டுல வாசல்லயே நிக்கறாராம், இன்னும் வண்டி வரலையாம். அப்ப பதினேழுல போயிட்டிருக்கறது எந்த நடுவர்?"

அவதானி அதைக் கேட்டும் கேட்காமலும் மைக்கில் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாம்பல் கலர் சட்டை. மேலிருந்து மூணாவது பொத்தான் மட்டும் சிவப்பு. வேற பொத்தான் கிடைக்கலைன்னு நான்தான் தச்சேன்."

நான்தான் என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு பதினேழின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கண்ட்ரோல். நடுவர் ஐயா குனிஞ்சு சட்டையைப் பார்க்கறார்."

"என்ன?"

"பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறார். இப்ப மைக்கைக் கேக்கறார். குடுக்கட்டுமா?"

கொர்ரென்று ஒரு சத்தம். யாரோ மைக்கின் பட்டனை விட்டு விட்டு அமுக்கினார்கள். அப்புறம் அத்தனை வண்டியிலும், அந்த மாடியறையிலும், அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீயாம்மா பேசிட்டிருந்தே? யாரோ பெரிய ஆபீசர்னு நினைச்சேன்."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே வண்டி அனுப்பினே? பச்சைக் கதவுன்னு கேட்டு வந்து நின்னார். சரி, பொண்ணு ஏதோ ஆசைப்பட்டு ஏற்பாடு பண்ணியிருக்கான்னு ஏறிட்டேன்" என்றார் அப்பா. சற்று நிறுத்திவிட்டு, "அது சரி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறவர்னு சொன்னியே, அது யாரு? நான் அந்த ஆளைத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"நீங்கதாம்ப்பா" என்றாள். தன் குரல் குழந்தைக் குரலாக இருப்பது அவளுக்கே தெரிந்தது.

"நானா? நான் சுவரை விட்டு எவ்வளவு நாளாச்சு. நல்லாத்தான் நடக்கறேன். ஹாலுக்குள்ளயே நடக்கறேன், போன் பக்கத்துலயே."

"வெளிய போகலாமே. ஏன்ப்பா போகலை?"

இந்தக் கேள்வியை அவள் மைக்கில் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டாள். நகரத்தில் அந்தக் கம்பெனியின் டாக்ஸியில் ஏறியிருந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நீ மணிக்கு மணி கூப்பிடுவியே" என்றார் அப்பா. "நான் எடுக்கலைன்னா நீ தவிச்சுப் போயிடுவே. ஒருநாள் பால் வாங்கிட்டு வந்து எடுக்கறதுக்குள்ள போன் நாலு தரம் அடிச்சுடுச்சு, உன் குரலே நடுங்கிச்சு. அதுக்கப்புறம் நான் எங்கயும் போறதில்லை. உனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு நினைச்சேம்மா. பாத்துக்கணும்ல."

இவள் அவருக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு தன் தலையைக் குழப்பிக்கொண்டிருந்தாள்; அவர் இவளுக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ரெண்டு வருஷம். கூட்டிக் கழித்தால் அந்தக் காவல் யாருக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தும் என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏம்மா" என்றார் முதலாளியம்மா, போனை இன்னும் பொத்திப் பிடித்தபடியே. "அந்த நிஜ நடுவர்?"

அவள் நிமிர்ந்து வரைபடத்தைப் பார்த்தாள். வில்லைகள் நீந்துவதை நிறுத்தியிருந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்: பதினேழின் பின்சீட்டில், ஜன்னலோரம். காது முழுசாக அறைக்குள் திரும்பியிருந்தது.

"ஒன்பது, ஆற்றங்கரையை விட்டு வாங்க. தண்ணித் தொட்டி ரோடு, மூணாவது அடுக்ககம், நடுவர் ஐயா வாசல்ல நிக்கறார். மேம்பாலம் வேணாம், பின்னாடி பள்ளிக்கூடத் தெரு காலியா இருக்கும். ஐந்து, பேருந்து நிலையத்துல நாயோட ஒரு குடும்பம் காத்திருக்கு, ஏத்திக்கங்க. இருபத்திரண்டு, பூங்காவை விட்டு வெளிய வாங்க, உங்க வண்டியில ஆள் உட்கார்ந்திருக்கார், அவரைக் கொண்டுபோய் விடுங்க. பதினேழு, நீங்க டவுன் ஹாலுக்கே போங்க." பிறகு, "அப்பா, நாய் பார்க்கறீங்களா?" என்றாள்.

"வந்தது வந்துட்டேன், பாத்துட்டே வரேனே" என்றார் அப்பா.

நிஜ நடுவர் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். நாய்கள் யாரும் புகார் சொல்லவில்லை. கண்காட்சிக்காரர்கள் சொன்னார்கள். முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுப் போனை வைத்துவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசியா வண்டிகளைச் சரியா பிரிச்சு அனுப்பினீங்களே, அந்த ஆளுக்குத்தான் நான் சம்பளம் குடுக்கறேன்" என்றார். "ஆனா சொன்னது சொன்னதுதான். தப்பான வாசல், தப்பான வாசல்தான். நாளையிலிருந்து குடை ரூம். செல்போன் என் ரூம்ல இருக்கும். ஒரு மாசம் போகட்டும், அப்புறம் மைக்கைப் பத்திப் பேசலாம். தருவேன்னு வாக்குக் குடுக்கலை."

அவதானி வாதாடவில்லை. மைக்கை ஒருதரம் துடைத்து வைத்துவிட்டு எழுந்தாள். சக்கர நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் படி இறங்கினாள்.

குடை ரூமில் முதல் வாரம் நரகம். ஒரு குடையைக் கையில் எடுத்தால் இன்னொரு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அடிக்காத போன் அடித்தது. மணிக்கு ஒருதரம் கட்டைவிரல் காற்றில் எண்ணைத் தேடியது. ஒரே குடையை மூன்று தரம் துடைத்து மூன்று இடத்தில் வைத்தாள். குணமாவதற்கு அவசரமாக ஏதாவது செய்ய முடியுமா என்றுகூட யோசித்தாள். முடியாது, அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு குடை. அதைத் துடைப்பது, விரித்துப் பார்ப்பது, மடிப்பது. பிறகு அடுத்த குடை. ஒருநாள் டீயைச் சூடாகவே குடித்து முடித்ததை டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தாள். இன்னொரு நாள் பல் செட்டுக்காரர் வந்தார், அவருடைய நீண்ட கதை முழுவதையும் வேறு எதையும் நினைக்காமல் கேட்டாள். அவர் போகும்போது, இவ்வளவு பொறுமையாக யாரும் தன்னிடம் பேசியதில்லை என்றார். அவள் ஏறத்தாழ வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பாதான் அன்றைய சமாசாரங்களை அளந்தார். பூங்காவில் யார் யார் வருகிறார்கள், எந்தக் கட்டடத்து லிஃப்ட் முனகுகிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம். நாய்க் கண்காட்சியில் பழக்கமான ஒருவரோடு தினமும் நடக்கப் போனார். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, நிஜ நடுவர்தான்.

மாதம் முடிந்ததும் முதலாளியம்மா அவளை மாடிக்குக் கூப்பிட்டார். "இன்னிக்கு ஒருநாள் உட்காருங்க. பார்ப்போம்" என்றார். சக்கர நாற்காலி அதே மாதிரி கிரீச்சிட்டது. டிரைவர்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அவள் மைக்கைத் தொட்டதும் ஒவ்வொருவராக, "ஐந்து. மாத்திரை போட்டாச்சு கண்ட்ரோல்", "ஒன்பது. போட்டாச்சு", "இருபத்திரண்டு. டாக்டர்கிட்டயே போய் எனக்கும் ஒண்ணு எழுதி வாங்கிட்டேன்" என்றார்கள். அவள் அதட்டினாள். அதட்டல் பழைய பதத்தில் இருந்தது.

இப்போது அவள் எட்டுக் காரியம் செய்வதில்லை. ஒரு போனை எடுத்தால் மற்றதை அடிக்க விட்டாள். ஒரு வண்டியை அனுப்பி, வில்லையை நகர்த்தி, பிறகுதான் அடுத்தது. ஆமை வேகம் என்று அவளுக்கே பட்டது. ஆனால் மத்தியானம் வரை ஒரு வண்டிகூடத் தப்பான வாசலுக்குப் போகவில்லை, யாரும் ஆற்றுக்குள்ளும் விழவில்லை. முதலாளியம்மா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரே ஒரு கால்" என்றார்.

அவள் வீட்டு எண்ணைப் போட்டாள்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

நெஞ்சு பழைய வழக்கப்படி ஒரு துள்ளுத் துள்ளியது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பச்சைக் கதவு பூட்டியிருக்கும். முக்காலியின்மேல் போன் தனியாக அலறிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து காத்திருக்கவில்லை.

கை மெல்லத் தளர்ந்தது. அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதை முதலாளியம்மாவிடம் நீட்டினாள்.

"என்னம்மா, எடுக்கலையா?"

"இல்லைங்க" என்றாள் அவதானி. "வீட்ல யாருமில்லை."

சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே மைக்கை எடுத்தாள்.